ரெஃபோர்மாசி: திருந்தியதா, திருத்தப்பட்டதா?

அஸ்தம்பட்டியில் குரூப் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பாடம் எடுக்கிறேன். போன வாரம் ஒரு மாணவி நோட்டை நீட்டினாள். இந்தோனேசியா, 1998, ரெஃபோர்மாசி என்று எழுதி, எதிரே 'புரட்சி' என்று போட்டிருந்தாள். "தப்புங்களா சார்?" என்றாள். தப்புதான். ஆனால் சரியான சொல்லை உடனே சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

1998-ல் இந்தோனேசியாவில் நடந்த ஆட்சி மாற்றத்துக்கு அங்கே வழங்கும் பெயர்தான் ரெஃபோர்மாசி. அந்தச் சொல்லின் வேர் லத்தீன், மறுபடி உருவம் கொடுப்பது என்று பொருள். டச்சுக்காரர்கள் 'ரெஃபோர்மாட்சி' என்றதை இந்தோனேசியர்கள் 'ரெஃபோர்மாசி' ஆக்கிக்கொண்டார்கள்.

சுகார்த்தோ முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த நாட்டை ஆண்டவர். 1997-ல் ஆசியப் பொருளாதார நெருக்கடியில் அந்த நாட்டு நாணயமான ரூபியாவின் மதிப்பு சரிந்து, விலைவாசி ஏறியது. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 1998 மே 12 அன்று திரிசக்தி பல்கலைக்கழகத்தில் 4 மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அப்புறம் மாணவர்கள் நாடாளுமன்றத்துக்குள் புகுந்து, அதன் பச்சைக் கூரைமேல் ஏறி நின்றார்கள். மே 19 அன்று சுகார்த்தோவே தொலைக்காட்சியில் வந்து, ரெஃபோர்மாசிக்கு ஒரு குழு அமைக்கிறேன் என்றார். மறுநாளே 14 அமைச்சர்கள் அவர் அமைக்கவிருந்த புதிய அமைச்சரவையில் சேர மறுத்துவிட்டார்கள். மே 21 அன்று அவர் பதவி விலகினார்.

ஆக, கூரைமேல் நின்ற பிள்ளைகளும் நாற்காலியில் இருந்தவரும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள். இந்த இடத்தில் தமிழ் நமக்குக் கை கொடுக்கிறது. திருந்து என்பது தன்வினை, திருத்து என்பது பிறவினை. நானே திருந்திக்கொள்கிறேன் என்றார் சுகார்த்தோ. நாங்கள் திருத்துகிறோம் என்றார்கள் மாணவர்கள். 'சீர்திருத்தம்' திருத்து என்பதிலிருந்து பிறந்த சொல். மாணவர்கள் பக்கம் நிற்கிற சொல்.

அப்படியானால் புரட்சி என்று ஏன் சொல்லக்கூடாது? இந்த வாரம் ஏற்காட்டில் சித்தப்பா தோட்டத்துக்குப் போயிருந்தேன். பழம் பறித்து முடிந்து கவாத்து நடந்துகொண்டிருந்தது. கிழட்டுக் காப்பிச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி விட்டிருந்தார்கள். பக்கத்துச் செடியின் கட்டையில் போன வருஷம் வெட்டிய இடத்துக்குக் கீழே புதுக் கிளை வந்திருந்தது. "வேர்ல கை வைக்க மாட்டோம்டா, வேரோட புடுங்கினா அது வேற வேலை" என்றார் சித்தப்பா.

இந்தோனேசியாவில் நடந்தது கவாத்து. 1945-ஆம் ஆண்டு அரசியலமைப்பை அவர்கள் தூக்கி எறியவில்லை. 1999 முதல் 2002 வரை நான்கு முறை திருத்தினார்கள். குடியரசுத் தலைவருக்கு இரண்டு தவணைதான் என்று வரம்பு வந்தது. மூன்று கட்சிகளுக்கு மட்டும் இடமிருந்த நாட்டில் 1999 தேர்தலில் 48 கட்சிகள் நின்றன. 2004-ல் நாடாளுமன்றத்தில் ராணுவத்துக்கென இருந்த இடங்கள் போயின. அதே ஆண்டு மக்கள் முதன்முறையாகக் குடியரசுத் தலைவரை நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் சுகார்த்தோவுக்குப் பின் பதவியேற்ற ஹபீபி அவருக்குத் துணைக் குடியரசுத் தலைவராக இருந்தவர்தான். சுகார்த்தோவின் கோல்கார் கட்சியும் தொடர்ந்து தேர்தலில் நின்றது. பழைய வேர் உள்ளேயே இருக்கிறது என்ற குறை அங்கே உண்டு. அது நியாயமான குறைதான்.

வெறும் 'சீர்திருத்தம்' என்று எழுதினால் நம்மவர்களுக்குச் சீர்திருத்தத் திருமணமும் நிலச் சீர்திருத்தமும் நினைவுக்கு வரும். அதனால் 'அரசியல் சீர்திருத்தம்' என்றே எழுதலாம். மறுமலர்ச்சி வேண்டாம், அது ஐரோப்பிய வரலாற்றில் வேறொன்றுக்கு வைத்த பெயர். 'ஜனநாயகமயமாக்கல்' பத்திரிகைகளில் வருகிறது. நீளமாக இருப்பதோடு, ஆக்கியவர் யார் என்பதையும் மறைத்துவிடுகிறது. 'மக்களாட்சிக்குத் திரும்புதல்' எனக்குப் பிடித்திருக்கிறது. 1955-லேயே அங்கே ஒரு சுதந்திரமான தேர்தல் நடந்திருக்கிறது, அதனால் 'திரும்புதல்' பொருந்தும்.

இன்று காலை மாணவி 'புரட்சி'யை அடித்துவிட்டு, 'மாணவர்கள் தொடங்கிய அரசியல் சீர்திருத்தம்' என்று எழுதினாள். அதன் கீழே மே 12 என்ற தேதியையும் 4 பேர் என்பதையும் அவளாகவே சேர்த்துக்கொண்டாள்.