சராசரி எடுத்தா எண்கள் வளருமா?

சராசரி எண்டா எல்லாத்தையும் சமப்படுத்திச் சின்னனாக்கிற வேலை எண்டுதான் கனபேர் நினைக்கிறவை, ஆனா அது வளர்க்கவும் செய்யும், எவ்வளவு தூரம் வளர்க்கலாம் எண்டதுக்கு ஒரு கட்டாயமான எல்லையும் இருக்கு.

யாழ்ப்பாணத்து மழையையே எடுங்கோவன். ஒரு நாள் 100 மில்லிமீற்றர் கொட்டிப்போட்டு பிறகு ஒரு துளியும் விழேல்லை எண்டு வைப்பம். ஒவ்வொரு நாளும் அதுவரைக்குமான சராசரியை எழுதிக்கொண்டு போனா 100, 50, 33.3, 25, 20 எண்டு நீளும், மழை எப்பவோ விட்டிட்டுது, சராசரி விடாது. இப்பிடி ஒரு தொடரைச் சராசரித் தொடரா மாத்திறதுதான் சேசாரோ ஒப்பரேற்றர். 1−1+1−1 எண்டு போற தொடரைக் கூட்டிக்கொண்டு போனா கூட்டுத்தொகை 1, 0, 1, 0 எண்டு ஆடிக்கொண்டே இருக்கும், அந்தக் கூட்டுத்தொகைகளைச் சராசரி எடுத்தா ஒரு பெறுமானம் கிடைக்கும், அது 1/2.

இனி அளவுக்கு வருவம். எண்களை வர்க்கிச்சு, கூட்டி, வர்க்கமூலம் எடுத்தா வாறது நோர்ம். 1, 0, 0, 0... இதின்ர நோர்ம் 1. சராசரி எடுத்தா 1, 1/2, 1/3..., வர்க்கங்களின்ர கூட்டுத்தொகை π²/6, மூலம் எடுத்தா கிட்டத்தட்ட 1.28. கூடிப்போச்சு! ஆகப்பெரிய எண் கூடேல்லை, ஆனா வால் நீண்டதால மொத்தம் கூடிச்சு.

எவ்வளவுக்குக் கூடும்? 2 மடங்குக்கு மேல ஒருக்காலும் போகாது. ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்குக் கூப்பிட்ட அதே ஹார்டிதான், ஜேர்மன் கணிதவியலாளர் ஹில்பேர்ட்டின்ர ஒரு தேற்றத்துக்கு லேசான நிறுவல் தேடேக்க 1920ல இந்தச் சமனிலிக்கு வந்தவர், சரியான மாறிலியை, அதாவது அந்த 2ஐ, இன்னொரு ஜேர்மன் கணிதவியலாளர் லண்டாவ் 1921ல கடிதத்தில எழுதி அனுப்பினார். வர்க்கத்துக்குப் பதிலா p ஆம் அடுக்கு எண்டா எல்லை p/(p−1), p=3 எண்டா 1.5, p=1 எண்டா எல்லையே இல்லை.

ஏன் சரியா 2? எனக்கு ஆகப் பிடிச்ச இடம் இதுதான். 1/√n எண்ட தொடரை எடுங்கோ, முதல் n உறுப்பைக் கூட்டினா ஏறக்குறைய 2√n, n ஆல பிரிச்சா 2/√n, அதாவது ஒவ்வொரு உறுப்பும் இரட்டிக்குது. ஆனா இதின்ர வர்க்கங்கள் 1/n, அதைக் கூட்டினா முடிவிலிக்குப் போகும், அதால இந்தத் தொடருக்கு நோர்மே இல்லை. N உறுப்போட வெட்டிவிட்டா நோர்ம் வரும், N பெருக்கப் பெருக்க விகிதம் 2ஐ நெருங்கிக்கொண்டே போகும், தொடாது.

இப்ப நிறை போடுவம். வர்க்கங்களைக் கூட்ட முதல் n ஆம் இடத்து வர்க்கத்தை √n ஆல பெருக்கினா பிந்தின இடங்களுக்கு மதிப்புக் கூடும், சராசரி இழுத்துக்கொண்டு போற வாலும் அங்கதானே கிடக்கு, அதால வளர்ச்சி 4 மடங்கை நெருங்கும். √n க்குப் பதிலா n ஆலயே பெருக்கினா அந்த ஒற்றை 1, 0, 0... இன்ர சராசரித் தொடருக்குக் கூட நோர்ம் முடிவிலியாகிடும், எந்த எல்லையும் நிக்காது.

நிறையை நோர்முக்கு மட்டும் போடாம சராசரிக்குள்ளையும் அதே நிறையைப் போட்டா (எண்களை நிறையால பெருக்கிக் கூட்டி, நிறைகளின்ர கூட்டுத்தொகையால பிரிச்சா) கதை மாறுது: நிறைகள் நேர் எண்களா இருந்தாக் காணும், எப்பிடித் தாறுமாறா இருந்தாலும் பரவாயில்லை, வளர்ச்சி திரும்பவும் அந்த 2க்குள்ளயே அடங்கிப்போகும்.