ஊட்டியில் நெஞ்சு படபடத்தால் பயம்தானா?

ஓட்டப் பந்தயத்துக்கு முன்னால் ஒரு பிள்ளைக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்பது வெறும் பேச்சுக்குச் சொல்வது அல்ல. சிறுநீரகங்களின் மேல் குல்லா போட்டதுபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினைச் சுரக்கின்றன. இதயம் வேகமெடுக்கிறது. செரிமானத்துக்குப் போகும் ரத்தம் குறைந்து, தசைகள் உழைக்கத் தயாராகின்றன. இரைப்பை மந்தமாக, பெருங்குடலோ அவசரப்படுகிறது. வார்ம் அப் முடிந்ததும் கழிப்பறை வாசலில் வரிசை நீள்வது இதனால்தான். தண்ணீர் அதிகம் குடித்ததால் மட்டும் அல்ல. தோலுக்குப் போகும் ரத்தமும் குறைவதால் விரல்நுனி ஜில்லிடுகிறது.

இதே பிள்ளையைக் கோவையிலிருந்து ஊட்டிக்குக் கூட்டி வாருங்கள். மேட்டுப்பாளையம் தாண்டி, பர்லியாறு, குன்னூர் வழியாகக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வந்தால் வயிறு ஏற்கெனவே ஒருமாதிரி இருக்கும். ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர். கடல்மட்டத்தோடு ஒப்பிட்டால் இங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய கால் பங்கு குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் ஆக்சிஜன் குறைவாகக் கிடைப்பதால் இதயமும் நுரையீரலும் வேகமாக ஓடி ஈடுகட்டப் பார்க்கின்றன. நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும். காலைக் குளிரில் கை விறைத்து, உடம்பு நடுங்கும்.

படபடப்பு, மூச்சிரைப்பு, குளிர்ந்த கை, நடுக்கம். பயந்தவருக்கு என்னென்ன வருமோ அத்தனையும் பயமே இல்லாமல் வந்துவிட்டது! ஆனால் மூளைக்கு உடம்பின் செய்திதான் தெரியும். அது எங்கிருந்து வந்தது என்பதை ஊகிக்கத்தான் வேண்டும். ஸ்டார்ட் லைனில் நிற்கும்போது கைக்கெட்டும் விளக்கம் "எனக்குப் பயமாக இருக்கிறது" என்பதே.

இது ஏன் முக்கியம்? 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கைக்கு உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் நான்கு ஊற்றுகளைச் சொன்னார். முன்பு தானே செய்து காட்டியது, தன்னைப் போன்றவர் செய்ததைப் பார்த்தது, பிறர் சொல்லும் ஊக்கம், அப்புறம் தன் உடம்பு தரும் சமிக்ஞைகள். கடைசி ஊற்றைத்தான் மலை கலக்கிவிடுகிறது.

இந்த நேரத்தில் "டென்ஷன் ஆகாதே, அமைதியா இரு" என்பது, என் பார்வையில், அவ்வளவாக உதவாத அறிவுரை. ஓடுகிற இதயத்தைச் சொல்லி நிறுத்த முடியாது. ஆய்வாளர் அலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வில், பிறர் முன் பாடுவதற்குமுன் "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று வாய்விட்டுச் சொன்னவர்கள், "பதற்றமாக இருக்கிறது" என்று சொன்னவர்களைவிட நன்றாகப் பாடினார்கள். படபடப்பு அடங்கிவிடவில்லை, அதன் பெயர்தான் மாறியது.

மெக்சிகோ நகரமும் கிட்டத்தட்ட ஊட்டியின் உயரம்தான். 1968 ஒலிம்பிக்கில் அங்கே நீண்ட தூர ஓட்டங்களின் நேரம் எல்லாருக்குமே மந்தம். நீளம் தாண்டுதலிலோ அமெரிக்க வீரர் பாப் பீமன் தகுதிச் சுற்றில் இரண்டு முறை ஃபவுல் செய்து வெளியேறும் நிலையில் நின்றார். சக வீரர் ரால்ஃப் பாஸ்டன் 'பயப்படாதே' என்று தேற்றிவிட்டு விடவில்லை. மிதித்துத் தாண்டும் பலகைக்கு முன்னாலேயே காலை எடுத்துத் தாண்டச் சொன்னார். பீமன் தகுதி பெற்றார். மறுநாள் இறுதிச் சுற்றில் 8.90 மீட்டர், பழைய சாதனையைவிட 55 சென்டிமீட்டர் அதிகம். மெல்லிய காற்றும் பின்னாலிருந்து வீசிய காற்றும் உதவின என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சரி, நம் கோவைப் பிள்ளைக்கு? முந்தின நாளே வந்து மைதானத்தில் இரண்டு சுற்று மெதுவாக ஓடட்டும். நெஞ்சு அடித்துக்கொள்ளும்போது, இது உயரம் செய்யும் வேலை என்று அங்கேயே காட்டிவிடலாம். 3,000 மீட்டர் ஓட்டத்தில் ஊரில் எடுத்த டைமிங் இங்கே வராது. அதைப் பந்தயம் முடிந்து அழும்போது சொல்லாமல், முந்தின நாள் இரவுச் சாப்பாட்டின்போதே சொல்லிவிடுங்கள்.