தையல் இல்லாத புண் எப்படி மூடிக்கொள்கிறது?

“ஆப்பிரிக்காவில் பெரியவர்களுக்கு வளையம் மாட்டியே சுன்னத் செய்கிறார்களாமே, தையல் போடாமல் அந்தப் புண் எப்படி ஆறும்?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

முதலில், எதற்காக இந்த ஏற்பாடு? தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டா ஆகிய மூன்று நாடுகளில் நடந்த ஆய்வுகளில், சுன்னத் செய்துகொண்ட ஆண்களுக்குப் பெண்களிடமிருந்து எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 60 சதவீதம் குறைந்தது. 2007இல் உலக சுகாதார நிறுவனம் இதைப் பரிந்துரைத்தது. கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்காவில் அத்தனை பேருக்கும் கத்தி பிடிக்க மருத்துவர்கள் போதாததால் வளையங்கள் வந்தன.

சீனாவின் ‘ஷாங் ரிங்’ இரண்டு வளையங்களுக்கு நடுவே நுனித்தோலை நெரித்துப் பிடிக்கும். வெளியே இருக்கும் தோலை வெட்டிவிடுவார்கள். ருவாண்டாவில் சோதிக்கப்பட்ட ‘பிரிபெக்ஸ்’ வேறு மாதிரி. அதன் ரப்பர் வளையம் ரத்த ஓட்டத்தை நிறுத்திவிட, தோல் தானாகவே செத்துக் கறுத்துப்போகும். இரண்டையும் சுமார் ஏழு நாளில் கழற்றுவார்கள். கழற்றியதும் தெரிவது, சுற்றிலும் ஒரு குறுகிய பட்டையாகத் திறந்த புண்.

தையல் போட்டால் இரண்டு விளிம்புகளும் ஒட்டியே இருக்கும். இங்கே இடைவெளியை உடம்பே நிரப்ப வேண்டும். அடியிலிருந்து சிவந்த புதுச்சதை வளர்கிறது. விளிம்பிலுள்ள தோல் செல்கள் தங்கள் பிடியைத் தளர்த்திக்கொண்டு அதன் மேல் ஊர்ந்து வருகின்றன. இவ்வளவும் பள்ளிப் பாடத்திலேயே உண்டு. எனக்குப் பிடித்த கட்டம் இனிமேல்தான்.

அந்தப் புதுச்சதைக்குள் இருக்கும் நார்ச்செல்கள் சில, இழுவிசையை உணர்ந்ததும் பாதி தசைச்செல்லாக மாறிவிடுகின்றன. 1971இல் ஜெனீவாவில் கேபியானி என்ற ஆய்வாளரின் குழுவினர் நுண்ணோக்கியில் இவற்றுக்குள் தசையில் இருப்பதைப் போன்ற இழைகளைக் கண்டார்கள். இந்தச் செல்கள் சுற்றியுள்ள கொலாஜன் நார்களைப் பற்றி இழுக்கின்றன. சும்மா இழுத்தால் விட்டதும் பழைய இடத்துக்கே போய்விடுமே? அதற்கும் வழி இருக்கிறது. கொஞ்சம் இழுத்ததும் புது நார்களைப் போட்டு அந்த இடத்தை உறுதிப்படுத்திவிட்டு, மறுபடி இழுக்கின்றன. தேர்வடம் பிடித்து ஒரு முழம் நகர்த்தி, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டு, மீண்டும் வடம் பிடிப்பது போலத்தான். புண் மூடி வேலை முடிந்ததும் இவற்றில் பெரும்பாலானவை தாமாகவே மடிந்துவிடுகின்றன. மடியாமல் தங்கினால் தடித்த வடு விழும். இவ்வளவு நேர்த்தியான விஷயத்தை ஆராய்பவர்களுக்குக் கிடைக்கும் பணம் குறைவு என்பது என் நெடுநாள் ஆதங்கம். புதுக் கருவி என்றால்தான் நிதி தருபவர்களின் பர்ஸ் திறக்கிறது.

இரண்டாவது வாரத்தில் புண்ணின் மேல் மஞ்சள் கலந்த வெள்ளைப் படலம் படியலாம். சீழ் என்று பயந்து சுரண்டுகிறார்கள். பெரும்பாலும் அது ரத்தம் உறையும்போது உருவாகும் ஃபைப்ரின் என்ற புரதம்தான், விட்டுவிடலாம். நாற்றம், காய்ச்சல், பரவும் சிவப்பு இருந்தால் கதை வேறு, உடனே மருத்துவரிடம் போக வேண்டும். மேலே தோல் மூடிவிட்டாலும் உள்ளே பலம் வந்துவிடாது. மூன்றாவது வாரத்தில் ஆறும் தோலின் பலம் பழையதில் ஐந்தில் ஒரு பங்குதான். குறைந்தது ஆறு வாரமாவது உடலுறவு கூடாது என்பது இதனால்தான். அதற்கு முன் கிழிந்தால் எச்.ஐ.வி. நுழைய நாமே கதவைத் திறந்த மாதிரி.

பிரிபெக்ஸில் இன்னொரு சிக்கலும் வந்தது. ரத்தம் போகாத செத்த தோலில் ஆக்சிஜன் இல்லை. டெட்டனஸ் கிருமிக்கு அதுவே சொர்க்கம். சாணம், சாம்பல் தடவினால் ஆறும் என்ற நம்பிக்கை அந்தக் கிருமியைக் கையில் எடுத்துக் கொடுக்கிறது. ‘பாட்டி வைத்தியம்’ என்று இதற்கு மரியாதை தர நான் தயாரில்லை. கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி கிடைக்கிறது. வளர்ந்த ஆண்களை யாரும் கூப்பிடுவதில்லை. செத்த தோலைச் சில நாள் உடம்பிலேயே விட்டுவைக்கும் இம்மாதிரி வளையத்துக்கு, முன்கூட்டியே இரண்டு டெட்டனஸ் ஊசிகள் போட வேண்டும் என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது. இரண்டாவது ஊசிக்கும் வளையம் மாட்டுவதற்கும் இடையே இரண்டு வாரமாவது இருக்க வேண்டும். எதிர்ப்புச் சக்தி உருவாக அந்த அவகாசம் தேவை.