சிறிய கேமராவுக்குள் எவ்வளவு ஒளி நுழைகிறது?

குறைந்த விலையில் டிஜிட்டல் கேமரா வாங்கக் கடைக்குப் போகிறவரின் கண்ணில் முதலில் படுவது, பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும் மெகாபிக்சல் எண். வீட்டு விசேஷங்களிலும் பயணங்களிலும், குழந்தைகள் விளையாடும்போதும் நாம் எடுக்கும் அன்றாடப் படங்களின் தரத்தில் அந்த எண்ணுக்குப் பங்கு மிகக் குறைவு. ஷட்டர் திறந்து மூடும் அந்தச் சிறு இடைவெளியில், ஒளியைப் பதிவுசெய்யும் சில்லான சென்சரின் மீது மொத்தம் எவ்வளவு ஒளி விழுகிறது என்பதைப் பொறுத்தே படம் தெளிவாகவோ கலங்கலாகவோ அமைகிறது. அதை அறிந்துகொள்ள உதவும் இரண்டு விவரங்கள் சென்சரின் பரப்பும், லென்ஸின் துளை எவ்வளவு அகலம் என்பதைக் காட்டும் எஃப் எண்ணும் ஆகும். விளம்பரங்களில் இவை பெரும்பாலும் பொடி எழுத்தில் ஒரு மூலையில் ஒதுங்கியிருக்கும்.

சென்சர் என்பது பல லட்சம் நுண்ணிய கட்டங்களாகப் பிரிக்கப்பட்ட ஒரு சிலிக்கான் சில்லு. ஒளித்துகளான ஃபோட்டான் ஒன்றைச் சிலிக்கான் உட்கவரும்போது ஓர் எலக்ட்ரான் விடுபடுகிறது. ஒவ்வொரு கட்டமும், அதாவது ஒவ்வொரு பிக்சலும், தனக்குள் சேர்ந்த எலக்ட்ரான்களை மின்னழுத்தமாக மாற்றித் தர, கேமராவின் மின்சுற்று அதை ஓர் எண்ணாகக் குறித்துக்கொள்கிறது. 1969ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் உருவாக்கிய சிசிடி சில்லு இந்த வழியைத் திறந்தது. 2009ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசில் பாதி அவர்கள் இருவருக்கும் கிடைத்தது. இன்றைய கேமராக்களில் பெரும்பாலும் இருப்பது, 1990களில் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் எரிக் ஃபோசமின் குழு வளர்த்தெடுத்த சிமாஸ் வகைச் சென்சர்.

சிலிக்கானால் நிறங்களைப் பிரித்தறிய முடியாது. ஆகவே பிக்சல்களின் மேல் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளைக் கட்டம் கட்டமாகப் பதிக்கிறார்கள். கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர் வகுத்து, 1976இல் காப்புரிமை பெற்ற இந்த அமைப்பில் பாதிப் பிக்சல்கள் பச்சையையும், கால் பங்கு சிவப்பையும், மீதிக் கால் பங்கு நீலத்தையும் அளக்கின்றன. 20 மெகாபிக்சல், அதாவது 2 கோடி பிக்சல், கொண்ட கேமராவில் சிவப்பை உண்மையாக அளப்பவை 50 லட்சம் பிக்சல்கள் மட்டுமே. மற்ற இடங்களின் சிவப்பு, அண்டைப் பிக்சல்களைப் பார்த்துக் கணக்கிட்டு நிரப்பப்படுகிறது.

மாலை நேரத்து வீட்டுக்குள் எடுத்த படங்களில் தெரியும் மணல் தூவினாற்போன்ற புள்ளிகளுக்கு வருவோம். ஃபோட்டான்கள் சீரான இடைவெளியில் வந்து சேர்வதில்லை. ஒரே அளவு வெளிச்சம் படும் இரண்டு பிக்சல்கள்கூட ஒரே எண்ணிக்கையைக் காட்டுவதில்லை. அந்த வேறுபாடு ஏறத்தாழ எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு இருக்கும். ஒரு பிக்சலில் 10,000 ஃபோட்டான்கள் சேர்ந்தால் ஏற்ற இறக்கம் 100, அதாவது 1 விழுக்காடு. கண்ணுக்கு அது தெரியாது. மங்கிய வெளிச்சத்தில் 100 ஃபோட்டான்கள் மட்டுமே சேர்ந்தால் ஏற்ற இறக்கம் 10, அதாவது 10 விழுக்காடு. முகத்தின் தோல் பொரிப்பொரியாகத் தெரிவது இதனால்தான். இரைச்சல் எனப்படும் இந்த ஏற்ற இறக்கம் ஒளியின் இயல்பிலேயே இருப்பதால் எவ்வளவு நல்ல சென்சராலும் இதை நீக்க முடியாது. சென்சர் தரும் குறிகையை (சிக்னலை) எவ்வளவு பெருக்குவது என்பதைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. எண்ணைக் கூட்டினால் படம் வெளிச்சமாகத் தெரியுமே தவிர, ஒரு ஃபோட்டான்கூடக் கூடுதலாக வருவதில்லை. சேர்ந்த சொற்பக் குறிகையும் அதிலுள்ள இரைச்சலும் சேர்ந்தே பெருக்கப்படுகின்றன. கூடுதல் ஒளியை உள்ளே விடுவது ஒன்றே வழி.

மலிவுக் கேமராக்களில் மிகப் பரவலான சென்சர் 1/2.3 அங்குலம் என்று குறிக்கப்படுகிறது. அதன் உண்மையான அளவு சுமார் 6.2 மி.மீ. நீளம், 4.6 மி.மீ. அகலம், பரப்பு 28 சதுர மி.மீ. இந்த அங்குலக் கணக்கு பழைய வீடியோ கேமராக் குழாய்களின் வெளிவிட்டத்திலிருந்து வந்த வழக்கம் என்பதால், 1 அங்குலச் சென்சர் என்பதும் 13.2 மி.மீ.க்கு 8.8 மி.மீ.தான், பரப்பு 116 சதுர மி.மீ. எஃப் எண் என்பது லென்ஸின் குவியத் தூரத்தை (தொலைவிலிருந்து வரும் ஒளியை லென்ஸ் குவிக்கும் தூரத்தை) அதன் துளையின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது. அது சிறிதாக இருந்தால் ஒளி அதிகம் நுழையும், அதுவும் வர்க்க விகிதத்தில். 2012இல் வெளிவந்த சோனி ஆர்எக்ஸ்100 கேமராவை எடுத்துக்கொள்வோம்: 1 அங்குலச் சென்சர், ஜூமை நீட்டாத அகன்ற கோணத்தில் எஃப்/1.8. எஃப்/3.3 லென்ஸும் 1/2.3 அங்குலச் சென்சரும் கொண்ட சாதாரணக் கேமராவை அதன் பக்கத்தில் வைத்தால், பரப்பில் 4 மடங்கும் துளையில் 3.4 மடங்குமாக, ஒரே ஷட்டர் நேரத்தில் ஏறத்தாழ 14 மடங்கு ஒளி ஆர்எக்ஸ்100க்குக் கிடைக்கிறது. வர்க்கமூலக் கணக்குப்படி, படத்தில் இரைச்சலின் விகிதம் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்காகக் குறையும். கைக்கு அடக்கமான பணத்தில், சிறிய சென்சர் கொண்ட புதிய கேமராவைவிட நல்ல நிலையிலுள்ள பழைய 1 அங்குலக் கேமராவை வாங்குவதே மேல் என்று நான் உறுதியாகச் சொல்வதற்கு இந்தக் கணக்கே காரணம்.

பிக்சல் எவ்வளவு தேவை? 4க்கு 6 அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் அச்சிட 2.2 மெகாபிக்சல் போதும். ஏ4 தாளுக்கு 8.7 தேவை, 4கே தொலைக்காட்சியின் முழுத் திரைக்கு 8.3 தேவை. சிறு சென்சரில் அதற்கு மேல் அடைப்பதில் இன்னொரு தடையும் உண்டு. ஒளி ஓர் அலையாகையால் லென்ஸின் துளையைக் கடக்கும்போது விளிம்பு விளைவால் சற்றே விரிகிறது. எந்த லென்ஸாலும் ஒரு புள்ளியை முழுமையான புள்ளியாகக் குவிக்க முடியாது. ஜூமை முழுக்க நீட்டிய நிலையில் எஃப்/6.3 ஆகிவிடும் ஒரு லென்ஸில் பச்சை ஒளியின் புள்ளி சுமார் 8.4 மைக்ரான் (ஒரு மைக்ரான் மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) விட்டமுள்ள வட்டமாகப் படிகிறது. 20 மெகாபிக்சல் கொண்ட 1/2.3 அங்குலச் சென்சரில் ஒரு பிக்சலின் அகலமோ 1.2 மைக்ரான். ஒரே புள்ளியின் மங்கலை ஏழு பிக்சல் அகலத்துக்கு நுணுக்கமாக அளந்து சேமிப்பதால் கோப்பு பெரிதாகிறது; விவரம் கூடுவதில்லை.

ஜூமைப் பொறுத்தவரை, லென்ஸை நகர்த்திப் பெறும் ஆப்டிகல் ஜூம் மட்டுமே கணக்கில் சேரும். டிஜிட்டல் ஜூம் படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதுதான். 20 மெகாபிக்சல் படத்தை 4 மடங்கு அப்படி நெருக்கினால் மிஞ்சுவது 1.25 மெகாபிக்சல். லென்ஸைச் சுற்றியுள்ள எழுத்துகளைப் படித்தால் உண்மை தெரிந்துவிடும். ஆர்எக்ஸ்100இல் 1.8-4.9/10.4-37.1 என்று இருக்கிறது. கோட்டுக்குப் பின்னுள்ளவை ஜூமின் இரு முனைகளிலும் மி.மீ.யில் குவியத் தூரம்: 37.1ஐ 10.4ஆல் வகுத்தால் வரும் 3.6 அதன் ஆப்டிகல் ஜூம். ஜூமின் தொடக்கத்தில் எஃப் எண் 1.8, முடிவில் 4.9. இணையக் கடைகளில் 48, 64 மெகாபிக்சல், 16 மடங்கு டிஜிட்டல் ஜூம் என்று மிக மலிவாக விற்கப்படும் பெயர் தெரியாத கேமராக்களில் இத்தகைய எண்வரிசையைக் காண்பது அரிது. அவற்றில் பலவும் சிறிய சென்சர் தந்த படத்தை மென்பொருளால் ஊதிப் பெரிதாக்குபவை என்பதால், அவற்றுக்குச் செலவிடும் பணம் வீண்.

கையில் நல்ல கைபேசி இருப்பவருக்குத் தனிக் கேமரா தேவையா என்ற கேள்வி நியாயமானது. கைபேசி அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து ஒன்றாக்குகிறது. 9 படங்களைச் சராசரி செய்தால் இரைச்சல் மூன்றில் ஒரு பங்காகிறது. அசையாத காட்சிக்கு இது மிக நன்றாக வேலை செய்யும். ஓடும் குழந்தை ஒவ்வொரு படத்திலும் வேறு இடத்தில் இருக்குமாதலால் அங்கே இந்த உத்தி தடுமாறுகிறது. ஒரே படத்தில் நிறைய ஒளி சேர்க்கும் கேமரா அங்கே முந்துகிறது. கை நடுக்கத்தைச் சரிசெய்யும் வசதி கேமராவின் அசைவுக்கு மட்டுமே உதவும் என்பதையும், குழந்தையின் ஓட்டத்தை நிறுத்திப் பிடிக்க 1/250 நொடி போன்ற குறுகிய ஷட்டர் நேரம் வேண்டும் என்பதையும், அதற்கும் ஒளிதான் வேண்டும் என்பதையும் வாங்குவதற்கு முன் நினைவில் கொள்ள வேண்டும்.

பழைய கேமராவை விலை பேசும்போது மூன்று சோதனைகளை அங்கேயே செய்துவிடலாம். ஜூமை முழுக்க நீட்டி மடக்கி, லென்ஸ் தடங்கலின்றி நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். எஃப் எண்ணை எஃப்/8 அல்லது அதற்கு மேல் வைத்து, சூரியனை விட்டு விலகிய வெறும் வானத்தைப் படமெடுத்தால், சென்சரில் தூசி ஒட்டியிருப்பின் சாம்பல் நிறத் திட்டுகளாகத் தெரியும். கழற்ற முடியாத லென்ஸ் கொண்ட கேமராவில் அந்தத் தூசியை எடுக்க உடலையே பிரிக்க வேண்டியிருக்கும். கடைசியாக, லென்ஸைக் கையால் மூடிக்கொண்டு ஒரு நொடி ஷட்டர் நேரத்தில் ஒரு படமெடுத்து, அதைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால், பழுதடைந்த பிக்சல்கள் இருளுக்குள் சிவப்பும் நீலமுமான புள்ளிகளாக மின்னும். ஓரிரண்டு இருந்தால் பாதகமில்லை. நிறைய இருந்தால் வேறு கேமராவைப் பார்க்கலாம்.