பெடகாஜி: தமிழில் என்ன சொல்வது?

பி.எட். சேர்ந்த முதல் வாரத்திலேயே காதில் விழும் சொல் பெடகாஜி, அதாவது கற்பிக்கும் கலை. 'பெடகாஜி ஆஃப் ஹிஸ்டரி' என்று தாளின் பெயரிலேயே அது உட்கார்ந்திருக்கும். பேச்சில் மட்டும் பழைய 'மெத்தட்' இன்னும் போகவில்லை. "உன் மெத்தட் என்ன?", அதாவது எந்தப் பாடத்தைக் கற்பிக்கப் பயில்கிறாய் என்றால், "ஹிஸ்டரி" என்று பதில் வரும். சரி, மெத்தட்டும் பெடகாஜியும் ஒன்றுதானா?

சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. 'பைஸ்' என்றால் குழந்தை, 'அகோ' என்றால் அழைத்துச் செல்லுதல். இரண்டும் சேர்ந்து 'பைடகோகோஸ்'. பழைய ஏதென்சில் வசதியான வீட்டுப் பையனைப் பள்ளிக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கூட்டிவந்த அடிமைக்கு அதுதான் பெயர். பையனின் யாழைச் சுமந்து நடப்பார். அவன் நடத்தையைக் கவனிப்பார். பாடம் சொன்னவர் வேறு ஆள், அவர் 'டிடாஸ்கலோஸ்'. ஆனால் கற்பிக்கும் கலைக்குப் பெயர் தந்தது கூட நடந்தவர்தான். நம் ஊர்ப் பள்ளி ஆயாக்களும் ஆட்டோக்காரர்களும் கேட்டால் சந்தோஷப்படுவார்கள்.

தமிழில் இதற்குக் 'கல்வியியல்' என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது அகலமான சொல். உளவியல், தத்துவம், பள்ளி நிர்வாகம் எல்லாம் அதில் அடங்கும். 'கற்பித்தல் முறை' குறுகலானது. விரிவுரை, களப்பயணம், செயல்திட்டம் போன்ற வழிகளை மட்டும் சுட்டும். மெத்தட் என்பதற்கு அது சரி. 'போதனை'யில் உபதேச வாடை அடிக்கிறது. எனக்குப் பொருந்துவதாகப் படுவது 'கற்பித்தலியல்'. 'கல்' தன்வினை, 'கற்பி' பிறவினை. கற்பித்தல் என்றால் கற்கச் செய்தல். எதிரே இருப்பவர் கற்காவிட்டால் கற்பித்தல் நடக்கவில்லை என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

ஒன்பதாம், பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலை எடுத்துக்கொள்வோம். வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் நான்கும் ஒரே பாடம். வரலாறு படித்துவிட்டு வந்த ஆசிரியர் தீர்க்கக்கோட்டையும் நடத்தியாக வேண்டும். இந்தியத் திட்ட நேரம் 82°30' கிழக்குத் தீர்க்கக்கோட்டைக் கொண்டு கணக்கிடப்படுகிறது, ஒரு பாகைக்கு 4 நிமிடம். இது பாட அறிவு. ஓர் இரவில் படித்துவிடலாம். விரிவுரை நடத்துவதா, பூகோள உருண்டையைச் சுழற்றிக் காட்டுவதா என்பது முறை. இந்தியா முழுக்க ஒரே நேரத்தில் விடிகிறது என்று பிள்ளைகள் பலர் மனதுக்குள் நம்பிக்கொண்டிருப்பார்கள் என்று தெரிந்து, "அருணாச்சலப் பிரதேசத்தில் சூரியன் வந்தாச்சு, குஜராத்தில் வந்திருக்குமா?" என்ற கேள்வியில் தொடங்குவது கற்பித்தலியல். இரு மாநிலங்களுக்கும் சூரிய உதயத்தில் ஏறத்தாழ இரண்டு மணி நேர வித்தியாசம் என்று அப்புறம் சொன்னால் போதும், 4 நிமிடக் கணக்கு தானாக வரும். அமெரிக்கக் கல்வியாளர் லீ ஷுல்மன் 1986இல், பாட அறிவும் கற்பிக்கும் அறிவும் கலந்த இந்த மூன்றாவது அறிவுக்குத் தனிப்பெயரே வைத்தார்.

நமக்கு இது புதிதில்லை. நன்னூலில் பவணந்தி முனிவர் பாடம் சொல்வதை 'ஈதல்' என்கிறார். ஆசிரியர் விரையாமல், வெகுளாமல், முகம் மலர்ந்து, 'கொள்வோன் கொள்வகை அறிந்து' அவன் மனம் கொள்ளும்படி நூலைக் கொடுக்க வேண்டும். அந்தக் கொள்வகைதான் பெடகாஜியின் மையம். ஆசிரியருக்கு வேண்டிய தகுதிகளில் 'உலகியல் அறிவு' என்ற ஒன்றையும் அவர் சேர்த்திருக்கிறார்; சமூக அறிவியல்காரர்கள் அதைத் தங்களுக்கென்று சொன்னதாகவே எடுத்துக்கொள்ளலாம்.

'ஈதலியல்' என்று சொல்லாக்கிப் பார்த்தால் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நன்கொடை பற்றிய படிப்போ என்று கேட்பார்கள். கற்பித்தலியலே இருக்கட்டும். எழுதும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 'வரலாறு கற்பித்தலியல்' என்று மொட்டையாக எழுதுவதைவிட 'வரலாற்றுக் கற்பித்தலியல்' என்பதே சரி.