குறிப்புப்பொருளை மறைபொருள் ஆக்காதேங்கோ

ஆங்கிலப் பயிற்சித் தாள்களின் தமிழ் விளக்கங்களில் 'மறைபொருள்' என்ற சொல் இப்போது யாழ்ப்பாணம் முழுக்கத் திரிகிறது. 'பந்தியின் மறைபொருளைக் காண்க' என்கிறார்கள், ஏதோ சித்தர் பாடலுக்கு உரை எழுதச் சொன்னதுபோல.

சொல்லவந்தது 'இம்ப்ளைட் மீனிங்', அதாவது நேரே சொல்லாமல் குறிப்பால் உணர்த்தும் பொருள். இலத்தீனில் 'பிளிக்காரே' என்றால் மடித்தல். உள்ளே மடித்து வைத்தது என்பது வேர். 1967இல் ஹாவார்டில் ஆற்றிய உரைகளில் மெய்யியலாளர் போல் கிறைஸ் 'இம்ப்ளிகேச்சர்' என்பதை இதற்குக் கலைச்சொல்லாக்கினார். வேர்க்கதை இவ்வளவு போதும்.

மறைத்தல் என்றால் பிறர் காணாதபடி வைத்தல். குறிப்பாகப் பேசுபவரோ கேட்பவர் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றே பேசுகிறார். 'வானம் கறுக்குது, கொடியில உடுப்புக் கிடக்கு' என்று அம்மா குசினிக்குள் இருந்து சொன்னால் முற்றத்தில் நிற்கிற பிள்ளை உடுப்பெடுக்க ஓடும். இதில் அம்மா எதை மறைத்தார்?

தொல்காப்பியம் பொருளை இரண்டாக்கி, சொல்லிலேயே தெரிவதைத் 'தெரிபுவேறு நிலையல்' என்றும் மற்றதைக் 'குறிப்பின் தோன்றல்' என்றும் சொல்லிவிட்டது. 'குறிப்பின் தருமொழி அல்லன வெளிப்படை' என்கிறது நன்னூல். வெளிப்படை, குறிப்பு என்று சோடியாகவே சொற்கள் கிடக்க, அந்தச் சூத்திரங்களைச் சோதனைக்குப் பாடமாக்கியவர்களே மொழிபெயர்க்க உட்கார்ந்ததும் அகராதியைப் புரட்டுகிறார்கள். 'உட்பொருள்' என்பதைப் பொறுக்கலாம். ஆனால் அது சாரம் என்றும் படும். 'தொக்கிநிற்கும் பொருள்' வேண்டவே வேண்டாம். இலக்கணத்தில் தொகையில் உருபு தொகுவது, அதாவது சொல்லாமல் விடுபடுவது, வேறு சங்கதி.

பிழையான சொல் மாணவர் தலையிலும் ஏறுகிறது. மறைபொருள் என்றதும் சொல்லுக்குச் சொல் துருவுவார்கள். யார், யாரிடம், எந்த நேரம் சொன்னார் என்று பார்க்கமாட்டார்கள். குறிப்பு அங்கேதான் இருக்கிறது. கதவைச் சாத்துவதில் ஆட்சேபணை உண்டோ என்று ஆங்கிலத்தில் கேட்டால், எங்கட பிள்ளை 'யெஸ்' என்று சொல்லிக்கொண்டே எழும்பிப்போய்ச் சாத்தும். சொல்லின்படி பார்த்தால் அது மறுப்பு. குறிப்பைச் சரியாகப் பிடித்துவிட்டது, வழுக்கியது வெளிப்படைப் பொருளில்தான். எதிர்ப்பக்கமும் உண்டு. விடைபெறும்போது சொல்லும் 'போட்டு வாறன்' என்பதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னால், வெள்ளைக்காரர் நாங்கள் திரும்பி வருவோம் என்று காத்திருப்பார்.

குறிப்பிலும் எல்லாம் ஒரே கடினம் இல்லை. இல்லினோய் பல்கலைக்கழகத்து வெளிநாட்டு மாணவர்களை மொழியியலாளர் லோரன்ஸ் பௌட்டன் சோதித்தபோது, பேச்சுச் சூழலைக்கொண்டு உய்த்துணரும் குறிப்புகள் நாளடைவில் தாமாகவே பிடிபட்டன. அதிலென்ன சந்தேகம் என்பதற்கு அமெரிக்கர் கேட்கும் 'பாப்பரசர் கத்தோலிக்கரோ?' போன்ற வாய்பாட்டுப் பேச்சும், கட்டுரை எப்படி என்றால் 'தட்டச்சு நல்லாயிருக்கு' என்று நழுவும் கண்டனமும் சறுக்கின. இந்த வகைகளை வகுப்பில் எடுத்துச் சொல்லிக்கொடுத்ததும் தேறினார்கள்.

சூழலை வைத்துப் பேச்சின் பொருளை ஆராயும் இந்தத் துறைக்கே, அதாவது பிரக்மட்டிக்சுக்கு, 'நடைமுறைவாதம்' என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அது வில்லியம் ஜேம்ஸ் போன்றவர்களின் மெய்யியல். மொழியியலில் அதற்கு வேலை இல்லை. சூழற்பொருளியல் என்று எழுதினால் கேட்ட உடனே விளங்கும்.