முகலாய ஆல்பத் தாளுக்குப் பின்பக்கம் கிடையாது

பழைய காகிதங்களைச் செப்பனிடுவது என் வேலை. முகலாய ஓவியம் என்று சொல்லி என்னிடம் கொண்டுவருபவை பெரும்பாலும் ஃபிரேமோடுதான் வருகின்றன. கழற்றிப் பார்த்தால், தாளின் மறுபக்கம் முழுக்கப் பசை தடவி அட்டையில் ஒட்டியிருப்பார்கள். ஓரத்தில் மட்டும் பாரசீக எழுத்து கொஞ்சம் எட்டிப் பார்க்கும். "பின்னாடி என்னமோ கிறுக்கியிருந்தது சார், அதான் ஒட்டிட்டோம்" என்பார்கள்.

அந்தக் 'கிறுக்கல்'தான் அரசவையில் ஒசத்தி. அக்பரின் அவையில் இருந்த அபுல் ஃபசல், ஓவியத்தைவிட எழுத்தே மேலானது என்று, அக்பரின் ஆட்சியைப் பற்றிய தன் நூலான அயினி அக்பரியில் எழுதியிருக்கிறார். ஜஹாங்கீரும் ஷாஜகானும் தொகுத்த முரக்கா எனப்படும் ஆல்பங்களில், ஒரு தாளின் ஒரு முகத்தில் ஓவியம், மறுமுகத்தில் எழுத்து. விரித்தால் இரண்டு ஓவியங்கள் எதிரெதிரே இருக்கும். அடுத்த தாளைப் புரட்டினால் இரண்டு எழுத்துப் பக்கங்கள். நஸ்தலீக் என்ற பாரசீக எழுத்துப் பாணியில் நாலு வரிக் கவிதை சாய்வாக ஏறி நிற்கும். வரிகளை ஒட்டி மேகம்போல் வளைத்து இடம் விட்டு, மீதியில் பொன் பூசியிருப்பார்கள். ஹேராத் நகரத்து எழுத்துக் கலைஞர் மீர் அலி எழுதிய தாள்களுக்கு அவ்வளவு மவுசு. ஜஹாங்கீர் பிறக்கும் முன்பே அவர் இறந்துவிட்டார். ஆனாலும் அவர் கைப்பட எழுதியவற்றைத் தேடிச் சேர்த்தார்கள்.

ஓவியம் ஒரு காகிதம், எழுத்து ஒரு காகிதம், பூவேலை செய்த ஓரம் வேறு. எல்லாவற்றையும் அடுக்கி ஒட்டியதுதான் ஒரு தாள். அதனால்தான் ஈரம் ஆகாது. அடுக்குகள் பிரியும். எழுதிய மை விளக்குக் கரியும் கோந்தும் கலந்தது. ஈரத்துணி பட்டாலே கரையும். செம்பிலிருந்து எடுத்த பச்சை வேறு ரகம்: அது காகிதத்தையே அரித்துப் பழுப்பாக்கும். பச்சைப் பகுதியில் விரிசல் தெரிந்தால் தாளை வளைக்கவே வேண்டாம்.

லேமினேஷன், செல்லோ டேப் இரண்டும் கூடவே கூடாது. ஃபிரேம் போட்டே ஆக வேண்டுமென்றால், அமிலமில்லாத அட்டையில் ஜன்னல் வெட்டி, ஜப்பான் காகிதக் கீலும் கோதுமை மாவுப் பசையும் வைத்து ஓரத்தில் மட்டும் பிடிக்கச் சொல்லுங்கள். பின்பக்கம் திறந்து பார்க்கிற மாதிரி இருக்கட்டும். வெயில் படும் சுவர் வேண்டாம். அருங்காட்சியகங்களில் இத்தகைய தாள்களுக்கு 50 லக்ஸ் அளவுக்கு மங்கலான வெளிச்சம்தான் வைப்பார்கள்.

அப்புறம், சுற்றுலாக் கடைச் சரக்கு. பழைய கணக்கேட்டுத் தாளிலோ கையெழுத்துப் பிரதியிலோ புதிதாக யானை ஊர்வலம் வரைந்து முகலாயர் காலத்தது என்று விற்பார்கள். வரிகளின் மேலேயே வண்ணம் ஏறி, வாசகம் பாதியில் மறைந்திருந்தால் நம்பாதீர்கள். எனக்கு ஓவியம் போலி என்பதைவிட, அதற்காக ஒரு பழைய ஏடு பாழானதுதான் எரிச்சல்.

உண்மையிலேயே பழையது என்றால் 1972 தொல்பொருள் சட்டம் பொருந்தும். ஓவியங்களுக்கு 100 ஆண்டு, கையெழுத்துப் பிரதிகளுக்கு 75 ஆண்டு கணக்கு. வைத்திருப்பது குற்றமில்லை; ஓவியத்தைத் தொல்லியல் துறையின் பதிவு அலுவலரிடம் பதிய வேண்டும். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைக்குப் பரிசாகக்கூட அனுப்ப முடியாது. பதிவுக்குப் படம் எடுக்கும்போது இரண்டு முகத்தையும் எடுங்கள்.